கரை ஒதுங்கும் கடற்பாசியை உரமாக்க: இராமநாதபுரம் கடற்கரையில் புதிதாக இறங்குவோருக்கு

தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று ஓங்கும் மாதங்களில் மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்துக் கரைகளில் பாசி குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கும் எந்த விவசாயிக்கும், இது வீணாக அழுகிப் போகிறதே, அள்ளிப் போய்த் தென்னைக்குப் போட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் பிறகு எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்பது, எந்தப் பாசியைத் தொடலாம், உப்பை எப்படிப் போக்குவது என்று அறிந்துகொள்ளப் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. அந்த அலைச்சல் அடுத்து வருபவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பாசி கரையில் இருக்கும் வரைதான் இலவசம். அங்கிருந்து நகர்த்திய நொடியிலிருந்து வண்டி, நன்னீர், ஆள் கூலி, காகிதம் என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வழிகாட்டி, சொந்த நிலத்துக்கோ ஒரு சிறு குழுவின் தேவைக்கோ மட்கு உரம் தயாரிக்க விரும்புவோருக்கு உரியது. ஆலை வைக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு வேண்டிய அனுமதிகள் வேறு.

1. ஒதுங்கிக் கிடப்பது என்ன என்று முதலில் பிரித்தறியுங்கள்

தென்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கத்தில் குவியலின் பெரும்பகுதி பெரும்பாலும் கட்டக்கோரையாகவே இருக்கும். பழுப்பு நிறத்தில், சிறு சிறு காற்றுக் குமிழ்கள் கோத்தது போன்ற கிளைகளோடு காணப்படும் சர்காசம் இதுதான். இதனோடு, முரட்டு இலைகள் அடுக்கிய பக்கோடாப்பாசியும் சேர்ந்து வரும். இவை இரண்டும் உரத்துக்கு ஏற்றவை. அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப் பயன்படும் மரிக்கொழுந்துப்பாசியும் கஞ்சிப்பாசியும் இடையிடையே சிறு அளவில் கிடைக்கலாம். மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்கு இவற்றை விற்றுவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். வெயிலில் வெளுத்து, மணலும் பிற பாசிகளும் கலந்துபோன ஒதுங்கு பாசிக்கு அங்கே மதிப்பில்லை; கடலிலிருந்து புதிதாக எடுத்துத் தரம் பிரித்துக் காயவைத்த பாசியையே வியாபாரிகள் கேட்கிறார்கள். எனவே அந்தக் கணக்கை விட்டுவிடுவது நல்லது.

நாடா போல் நீண்ட, வேரும் தண்டும் உள்ள பச்சை இலைகள் ஒதுங்கியிருந்தால் அது பாசியன்று, கடற்புல். வடகடலான பாக் விரிகுடாவில் இது அதிகம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ஆம் ஆண்டில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்ததற்குக் காரணமே இந்தப் புல்வெளிகள்தான். ஆகவே அந்தப் பக்கத்தில் கரையிலிருந்து எதை எடுப்பதாக இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

குவியலைக் கிளறும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காய்ந்த கடற்குதிரை, பவளத் துண்டு, விசிறி போன்ற கடல்விசிறி, கடல் அட்டை ஆகியவை பாசியில் சிக்கி வரும். இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. செத்துக் கிடந்ததைத்தானே எடுத்தேன் என்ற பதில் செல்லாது. உங்கள் சாக்கில் ஒரே ஒரு கடற்குதிரை இருந்தாலும், வண்டி மறிக்கப்படும் இடத்தில் அது வழக்காகிவிடும். பாசியைச் சாக்கில் திணிப்பதற்கு முன் தார்ப்பாயில் உதறிப் பார்ப்பதை வேலையாட்களுக்குக் கட்டாய வழக்கமாக்குங்கள்.

2. அனுமதியும் ஆவணங்களும்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். நான் ஏறி இறங்கிய அலுவலகங்கள் எதிலும் ஒதுங்கிய பாசி அள்ளுவதற்கென்று அச்சடித்த படிவம் ஒன்றைக் காண இயலவில்லை. மீன்வளத் துறையில் கேட்டால் வனத்துறையையும், வனத்துறையில் கேட்டால் வருவாய்த் துறையையும் கைகாட்டுவார்கள். அதற்காக, யாரும் கேட்க மாட்டார்கள் என்று துணிந்து இறங்கிவிடாதீர்கள். வெள்ளைத்தாளில் ஒரே மனுவை எழுதி, எல்லா அலுவலகங்களுக்கும் நகல் கொடுத்து, ஒவ்வோரிடத்திலும் முத்திரையிட்ட ஒப்புகை வாங்குவதே நடைமுறையில் உதவும் வழி.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். அங்கே படகில் போய்ப் பாசி அள்ளும் எண்ணமே வேண்டாம். தனுஷ்கோடிப் பக்கமும் தவிர்க்கப்பட வேண்டியது; 2025-இல் அங்கே பூநாரைகளுக்கெனச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஊருக்கு முன்னுள்ள பெருநிலக் கரையில் ஒரு குறிப்பிட்ட நீளத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் இரு முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊர். சட்டப்படி இது கடைசியாக வரலாம்; நடைமுறையில் முதலில் வர வேண்டும். கரைவலை இழுக்கும் இடம், படகு ஏற்றும் இடம், மீன் காயவைக்கும் இடம் ஆகியவை வெளியாளின் கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரியும். பாம்பன், மண்டபம் பக்கத்துக் கிராமங்களில் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டு தொழில் செய்பவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்காமல் வண்டியோடு வந்து நிற்பவரை எந்த ஊரும் வரவேற்காது. ஊர்க் கமிட்டியிடம் பேசி, எந்த நாட்களில், எந்த இடத்தில், எவ்வளவு எடுப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அள்ளும் வேலையை அந்த ஊர்ப் பெண்களுக்கே கூலிக்குக் கொடுப்பது நியாயமும்கூட. பாசியைப் பிரித்தறிவதில் அவர்களுக்கு இணையான ஆள் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

மனுவோடு இணைக்க வேண்டியவை: ஆதார் நகல், உரம் போடப் போகும் நிலத்தின் பட்டா, புல வரைபட நகல்கள் (பட்டாவைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை), அள்ளும் இடத்தைக் குறித்த வரைபடம், மாதவாரி உத்தேச அளவு, வண்டியின் பதிவெண், ஊர்க் கமிட்டியின் கடிதம், ஊராட்சித் தலைவரின் கடிதம். மனுவில் மூன்று வாக்கியங்கள் கட்டாயம் இருக்கட்டும்: கையால் மட்டுமே அள்ளப்படும், இயந்திரம் கரையில் இறங்காது; மணல் எடுக்கப்படாது; கடலில் வளர்ந்து நிற்கும் பாசி பறிக்கப்படாது. அதிகாரிகளின் அச்சம் இந்த மூன்றைப் பற்றியதுதான் என்பதால், இவை முதல் பத்தியிலேயே இருந்தால் பாதிக் கேள்விகள் குறையும்.

நகல்கள் போக வேண்டிய இடங்கள்: வனச்சரக அலுவலகம், மீன்வளத் துறை உதவி இயக்குநர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழு. மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர் என்பதால், திங்கள்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரகத்தில் மனுவைப் பதிவு செய்வது பயன் தரும். அங்கே தரப்படும் எண்ணைக் கொண்டு மனு எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க முடியும். பதில் வராமல் நீண்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்து, மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். காற்று தொடங்கிய பிறகு மனு எழுதுபவர் அந்த ஆண்டைப் பெரும்பாலும் இழந்துவிடுவார். தை, மாசியிலேயே தொடங்கிவிடுங்கள்.

இடைத்தரகர்கள் குறித்து ஒரு வார்த்தை. பாசிக்கு மத்திய அரசு மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதமரின் மத்ஸ்ய சம்பத யோஜனாவில் உள்ள உதவி, மிதவையிலும் கயிற்றிலும் பாசி வளர்ப்பதற்கு உரியது. கரையில் கிடப்பதை அள்ளுவதற்கு அன்று.

3. பருவமும் நாளும்

தென்கடலில் வைகாசி முதல் புரட்டாசி வரை, சோழகம் வீசும் காலத்தில் பாசி ஒதுங்கும். வடகடலில் ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றோடு ஒதுங்கும். உரம் செய்பவருக்குத் தென்கடல் பருவமே வாய்ப்பானது; அள்ளிக் காயவைக்க வெயில் கிடைக்கிறது, உப்பைக் கழுவ அடுத்து வடகிழக்குப் பருவமழை வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீரின் போது கடல் பாசியை மேட்டில் ஏற்றிவிட்டு இறங்கும். அதற்கடுத்த இரண்டு நாட்களுக்குள் அள்ளிவிடுங்கள்.

அதற்கு மேல் கிடந்த குவியலைத் தொடாதீர்கள். மேலே காய்ந்து மொறமொறப்பாக இருக்கும். கவையால் புரட்டினால் அடியில் கறுத்த கூழும் அழுகிய முட்டை வாடையும் இருக்கும். அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவினுடையது. திறந்த கரையில் தலைவலியோடு போய்விடும். மூடிய வண்டியிலோ குழியிலோ அது ஆளைச் சாய்க்கும். செறிவு கூடக் கூட மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும் என்பதால், வாடை நின்றுவிட்டது என்று நம்பிக் குழியில் இறங்கக் கூடாது.

ஆமை முட்டையிடும் கரைகளில், தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்களில் மேட்டு மணலைக் கிளறும் வேலையே வேண்டாம்.

4. அள்ளுதலும் வண்டிக் கணக்கும்

மண்வெட்டியைக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது பாசியோடு மணலையும் வாரிக்கொண்டு வரும். கடற்கரை மணலை அப்புறப்படுத்துவது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி குற்றம், உங்கள் உரத்துக்கும் அதனால் கேடுதான். கவைக்கம்பும் வலைக்கூடையும் போதும். காலில் தடித்த காலணியும் கையில் உறையும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். நைலான் நரம்பு, தூண்டில் முள், உடைந்த கண்ணாடி, சொறிமீன், சில வேளை உயிரோடுள்ள கடற்பாம்புகூடக் குவியலுக்குள் கிடக்கும். நரம்புத் துண்டுகளை அங்கேயே பொறுக்கி எடுப்பது சலிப்பான வேலைதான், ஆனால் மட்கிய பிறகு அவற்றை எடுக்கவே முடியாது.

செலவைத் தீர்மானிப்பது ஈரம். புதிதாக ஒதுங்கிய பாசியின் எடையில் 80 முதல் 90 விழுக்காடு நீர். குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் 750 கிலோ ஈரப்பாசி ஏற்றினால் வீடு வந்து சேரும் காய்ந்த சரக்கு ஏறத்தாழ 110 கிலோதான். வண்டி வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த கிலோவுக்கு 13 ரூபாய்க்கு மேல் வாடகை மட்டும் ஆகிறது. அதே பாசியைக் கரைமேட்டில் வெயிலில் இரண்டு மூன்று நாள் பரப்பி உலர்த்தி, உதறி மணல் போக்கி ஏற்றினால், இடத்தை அடைத்துக்கொண்டு 300 கிலோதான் ஏறும் என்றாலும் கிலோவுக்கு 5 ரூபாயில் முடியும். உங்கள் ஊர் வாடகையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் கணிப்பில், கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர்களுக்கு இந்த வேலை கட்டுப்படியாகாது. உலர்த்தும் இடத்தில் கொட்டகை போடாதீர்கள். மக்கள் அடர்த்தி குறைந்த ஊர்ப்புறக் கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறும் உச்ச எல்லை) 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு.

5. உப்பைப் போக்குதல்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்யாதவர்கள்தான், பாசி போட்டேன், பயிர் கருகிவிட்டது என்று சொல்பவர்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீர் வற்றும்போது உப்பு முழுவதும் பாசியின் மேல் தங்கிவிடும். காய்ந்த கட்டக்கோரையைக் கையில் எடுத்து உதறினால் வெள்ளைத் தூளாகக் கொட்டுவது அதுதான்.

குழாயைத் திறந்து கழுவிவிடலாம் என்று நினைப்பதற்கு முன், உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் மின் கடத்துத்திறனைச் சோதியுங்கள்; நீரில் உப்பு கூடக் கூட இந்த அளவும் கூடும். கடலோர ஊர்களில் அந்த நீரே உப்பாக இருப்பது வழக்கம். அளவு மீட்டருக்கு 2 டெசிசீமனைத் தாண்டிய நீரில் கழுவுவது வீண் செலவு. கையடக்க மின் கடத்துத்திறன் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் போடலாம் என்றால் அது இதுதான்.

நான் பரிந்துரைப்பது மழைக் கழுவல். ஆடி, ஆவணியில் உலர்த்திய பாசியைச் சற்றுச் சரிவான மேட்டில், ஓலைப் படுக்கையின் மேல் ஒரு முழ உயரத்துக்குள் பரப்பித் தார்ப்பாயால் மூடி வையுங்கள். உப்பேறிய காய்ந்த பாசி எளிதில் கெடாது. ஐப்பசியில் நல்ல மழை தொடங்கியதும் தார்ப்பாயை நீக்கி, இரண்டு மூன்று கனமழையை முழுவதுமாக வாங்கவிட்டு, மறுபடி மூடிவிடுங்கள். அளவுக்கு மீறி மழையில் விட்டால் பாசியின் பெருஞ்செல்வமான சாம்பல்சத்தும் சேர்ந்து கரைந்து போய்விடும். வழிந்தோடும் நீர் கிணற்றுப் பக்கமோ வயல் பக்கமோ போகாதபடி முன்கூட்டியே வாய்க்கால் வெட்டிவிடுங்கள். இதில்தான் அண்டை நிலத்தாருடன் சண்டை வருகிறது.

கழுவியது போதுமா என்று அறிய, ஒரு பங்கு பாசித் தூளை ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி மீட்டரை வையுங்கள். கரிம எருவுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை விதித்துள்ள உச்ச அளவு மீட்டருக்கு 4 டெசிசீமன். மற்றப் பொருட்களோடு கலக்கும்போது அளவு இன்னும் இறங்கும் என்றாலும், பாசி தனியாகவே 6-க்கு மேல் காட்டினால் இன்னொரு மழைக்குக் காத்திருங்கள்.

6. மட்க வைத்தல்

பாசியில் சாம்பல்சத்தும் நுண்சத்துகளும் உண்டு. மணிச்சத்து குறைவு, கரிமப் பொருளும் போதாது. கன அளவில் ஒரு பங்கு பாசி, இரண்டு பங்கு தென்னைநார்க் கழிவு அல்லது காய்ந்த சருகு, அரைப் பங்கு சாணம் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். குவியல் நீள, அகல, உயரத்தில் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூடேறாது. ஈரம் கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழும் அளவில் இருக்கட்டும். மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள்; பிடித்த கையை உடனே எடுக்க வேண்டியிருந்தால் உள்ளே 55 டிகிரியை ஒட்டி வந்துவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். முட்டை வாடை வந்தால் காற்றில்லை, உடனே புரட்ட வேண்டும்; மூக்கைக் குத்தும் நவச்சார (அமோனியா) வாடை வந்தால் சருகு போதவில்லை. கார்த்திகையில் அடுக்கியது தை கடைசிக்குள் கறுத்து, உதிர்ந்து, மண் வாசனையோடு தயாராகிவிடும்.

7. நிலத்தில் போடுவதற்கு முன் இரண்டு சோதனைகள்

முதலாவது உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது. உரத்தையும் தோட்ட மண்ணையும் சரிபாதியாகக் கலந்து ஒரு தொட்டியிலும், வெறும் மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பிப் பச்சைப்பயறு விதையுங்கள். உப்பைப் பயறு தாங்காது என்பதால் ஒரு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது ஆய்வகச் சோதனை. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகள் கடல்நீரிலுள்ள ஆர்செனிக்கைத் தம்முள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. கரிம உரத்தில் ஆர்செனிக் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், காரீயம் 100 மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது என்பது விதி. எனவே ஒவ்வொரு பருவத்தின் முதல் குவியலையும் கன உலோகங்களுக்குச் சோதித்துவிடுங்கள். எல்லா மண் பரிசோதனை நிலையங்களிலும் இதைச் செய்வதில்லை. இராமநாதபுரத்தில் உள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் விசாரித்தால் எங்கே அனுப்புவது என்று வழிகாட்டுவார்கள். ஆர்செனிக் பெயரைக் குறிப்பிட்டே கேளுங்கள். சாதாரண உரச் சோதனைக் கட்டணத்தில் அது அடங்கியிராது.

இதே காரணத்தால், ஒதுங்கிய பாசியை ஆடு மாடுகளுக்குத் தீவனமாகப் போடாதீர்கள். மனித உணவுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் ஆண்டில் தென்னைக்கும் சவுக்குக்கும் மட்டும் போடுங்கள். முண்டு மிளகாய், அவரை, கொத்தவரைக்கு மண்ணின் உப்பு நிலையைப் பார்த்த பிறகு, அடுத்த ஆண்டில் குறைந்த அளவில் தொடங்கலாம்.

8. விற்க நினைத்தால்

சொந்த நிலத்துக்குப் போடும்வரை காகித வேலை மேலே சொன்னதோடு முடிந்தது. ஒரு மூட்டையை விலைக்குக் கொடுத்தாலும் நிலைமை மாறுகிறது. கரிம உரம், 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது. ஆண்டு உற்பத்தித் திறன் 50 டன்னுக்குக் குறைந்தவர்களுக்கு உற்பத்திச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் தர அளவுகளிலிருந்து விலக்கு இல்லை. அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை வேளாண் துறையில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வணிகப் பயன்பாடு என்று வரும்போது, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்னறிவிப்பும் தேவைப்படும். உள்ளூர் மக்களுக்குச் சட்டத்திலேயே தளர்வு இருப்பதால், ஊர்ப் பெண்களின் சுயஉதவிக் குழு இதை எடுத்து நடத்துவது எல்லா வகையிலும் எளிது.

பாசியை ஊறவைத்து வடித்த சாற்றைப் புட்டியில் விற்பதுதான் பலருடைய ஆசை. 2021 முதல் பாசிச் சாறுகள், பயிர் வளர்ச்சியைத் தூண்டும் உயிரூக்கிகள் என்ற வகையில் அதே ஆணைக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன; பதிவு இல்லாமல் விற்பது குற்றம். பதிவுக்கு வேதிப் பகுப்பாய்வு, நச்சுத்தன்மைச் சோதனை, பயிர் மீதான சோதனை ஆகியவற்றின் அறிக்கைகள் வேண்டும். ஒரு தனி விவசாயிக்கு அது எட்டாத செலவு. அத்துடன், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பாசி கலந்து ஒதுங்குவதால், ஒரே தரமான சாற்றைத் தர உங்களால் முடியாது. சந்தையிலுள்ள சாறுகள் பலவற்றுக்கு வளர்ப்புப் பாசியான கப்பாஃபைகஸ் மூலப்பொருளாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளங்கள் அரசினுடையவை அல்ல. சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மாநிலத்துக்குள் விற்பவருக்குச் சரக்கு சேவை வரிப் பதிவு கட்டாயமில்லை. மூட்டையில் உற்பத்தியாளர் பெயர், முகவரி, நிகர எடை, உச்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பருவத்தின் ஆய்வக அறிக்கை நகல் ஒன்றையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். உரக் கடைக்காரர்கள் அதைப் பார்க்காமல் மூட்டையை இறக்கவே விடமாட்டார்கள்.